மாட்டிவிட்டீர்கள், சரிபார்த்தீர்களா?

முதல் கைத்துப்பாக்கி வாங்கியிருக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

டெக்சஸிலோ ஜார்ஜியாவிலோ நியூ ஜெர்சியிலோ குடியிருந்துகொண்டு, வாழ்வில் முதல்முறையாக ஒரு கைத்துப்பாக்கியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2020ஆம் ஆண்டில் துப்பாக்கி தொடர்பாக எஃப்.பி.ஐ. நடத்திய பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சத்தைத் தொட்டன. ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை என்று கொள்ள முடியாது. என்றாலும் அதற்கு முன் எந்த ஆண்டிலும் அத்தனை சோதனைகள் நடந்ததில்லை. புதிதாக வாங்கியவர்களின் அந்தப் பெருங்கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு. துப்பாக்கி வாங்கலாமா கூடாதா என்ற வழக்குக்குள் இந்த மடலில் நான் போகவில்லை. வாங்கியாகிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டது, கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி மாட்டியும் விட்டீர்கள். அதற்குப் பிறகு செய்யவேண்டிய, பலரும் செய்யாமல் விடுகிற ஒரு வேலையைப் பற்றி மட்டுமே பேச வருகிறேன்.

நம் நிலைமை கொஞ்சம் தனியானது. இங்கே பல குடும்பங்களில் துப்பாக்கிப் பழக்கம் அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வருகிறது. பிள்ளை துடைத்து மாட்டியதைப் பெரியவர் ஒருமுறை கையில் வாங்கி, ஸ்லைடை இழுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். ராணுவத்திலும் காவல்துறையிலும் இந்த மேற்பார்வை விதியாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த நம்மில் பெரும்பாலோருக்கு, காவலரின் இடுப்பிலும் வங்கி வாசலிலும் பார்த்ததைத் தவிர துப்பாக்கியோடு உறவே கிடையாது. என்.சி.சி.யில் .22 ரைஃபிளைத் தொட்டவர்கள்கூட, பக்கத்தில் நின்று பார்த்த பயிற்றுநரின் கண்காணிப்பில்தான் தொட்டார்கள். ஆகவே நாம் கற்பது பெரும்பாலும் காணொளிகளிலிருந்து. அவை கழற்றுவதை மெதுவாகக் காட்டுகின்றன, துடைப்பதை இன்னும் மெதுவாகக் காட்டுகின்றன. மாட்டுவது சில விநாடிகளில் முடிந்து, படம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. பார்த்துக் கற்றவரும் அதே இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்.

நான் சொல்ல வருவது இதுதான்: சரிபார்ப்பைச் சுத்தம் செய்வதோடு விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் உபரி வேலையாக எண்ணாதீர்கள். அது முடியும் வரை துப்பாக்கி இன்னும் கழற்றிய நிலையில்தான் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். காரணம், எந்த இயந்திரத்திலும் தவறு அதிகம் நுழையும் வாசல் மாட்டும் வேளைதான். மனிதப் பிழைகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதற்கு ஓர் எளிய கணக்கைச் சொன்னார். ஒரே போல்ட்டில் எட்டு நட்டுகள் வரிசையாக ஏற்றப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கழற்ற ஒரே வழிதான். திரும்ப ஏற்றுவதற்கோ 40,320 வரிசைகள் சாத்தியம், அவற்றில் ஒன்றுதான் சரி. கழற்றும்போது பாகங்களே நமக்கு வழிகாட்டுகின்றன. அடுத்தது எதுவோ அதுதான் கைக்கு வரும். மாட்டும்போது அந்த வழிகாட்டல் கிடையாது, நம் நினைவுதான் துணை. போதாக்குறைக்கு, வேலை முடியப்போகிறது என்ற அவசரமும் அப்போதுதான் தொற்றிக்கொள்கிறது.

விமானத் துறை இதை விலை கொடுத்துக் கற்றது. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், நடுவானில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவர் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். அந்தக் கண்ணாடி முந்தைய நாள் இரவுப் பணியில்தான் மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 குறுக்களவில் சிறியவை, மீதி ஆறு நீளம் குறைந்தவை. பார்வைக்கு எல்லாம் இடத்தில் இருந்தன, கண்ணாடியும் பொருந்தியே நின்றது. இங்கே நமக்கு முக்கியமானது வேறொன்று. அன்றைய விதிப்படி, முன்கண்ணாடி மாற்றியபின் அழுத்தச் சோதனையோ இன்னொருவரின் மறுபார்வையோ கட்டாயமாக இல்லை. மாட்டியவர் பிழை செய்தார் என்பது பாதிக் கதை. அந்தப் பிழையைத் தரையிலேயே பிடிக்கக்கூடிய படி ஒன்று வேலையில் இல்லாதது மறுபாதி. உங்கள் சமையலறை மேசையிலும் இரண்டாவது ஆள் கிடையாது. அந்தப் படியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். இங்கே மிகப் பரவலாக விற்கும் வகைகளில் ஒன்றான கிளாக்கையே எடுத்துக்கொள்வோம். சுத்தம் செய்யும் அளவுக்குக் கழற்றினால் நான்கு துண்டுகள்: ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங், கீழ்ச்சட்டம். நான்குதானே, இதில் தவறாக மாட்ட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஸ்பிரிங்கின் பின்முனை பேரலின் அடியில் வெட்டியிருக்கும் அரைவட்டப் பள்ளத்தில் உட்கார வேண்டும். ஒரு நூலளவு விலகிச் சாய்ந்து நின்றாலும் ஸ்லைடு ஏறிவிடக்கூடும். பிறகு அது உரசும், முழுதாக முன்னால் திரும்பாமல் நிற்கும். 1911 வகைத் துப்பாக்கியில் நிலைமை இன்னும் நுணுக்கம். பேரலுக்கடியில் தொங்கும் சிறு இணைப்பின் துளைக்குள் ஸ்லைடு ஸ்டாப்பின் தண்டு நுழைய வேண்டும். துளையைத் தவறவிட்டும், வெளியிலிருந்து பார்க்கச் சரியாக மாட்டியதுபோலத் தோன்றலாம். ரூகர் நிறுவனத்தின் பழைய .22 மார்க் வகைகளில், மாட்டும்போது ஹேமரின் பின்கம்பி தன் இடத்தில் போய் விழாவிட்டால் போல்ட் பாதியோடு நின்றுவிடும். இவை தவிர மாட்டுவதோடு தொடர்பில்லாத பிழைகளும் உண்டு. பேரலுக்குள் மறந்துபோன துணித்துண்டு ஒன்று, சுடும்போது பேரலையே வீங்கவோ வெடிக்கவோ செய்யும். தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஸ்டிரைக்கர் ஓடும் குழாய் உலர்ந்தே இருக்கவேண்டிய இடம். அதில் தாராளமாக எண்ணெய் விட்டால் அழுக்கு சேர்ந்து அடியின் வலு குறையும். புதுக் கிளாக்கின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை தெரியும். அழுக்கென்று நினைத்து வழித்தெடுத்துவிடாதீர்கள். அதை விட்டுவைக்கும்படி கையேடே சொல்கிறது.

சரிபார்ப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் ஒவ்வொரு அசைவும் எதை நிரூபிக்கிறது என்று தெரிந்து செய்யவேண்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அதன் பிறகே ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால், இழுத்த ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை, பேரலின் பின்முனையில் அது உட்காரும் சேம்பருக்குள் தள்ளிவிடும். நீங்களோ இப்போதுதானே இழுத்துக் காலி செய்தோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். பின்பக்கத்திலிருந்து பேரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, துணியோ தூரிகை மயிரோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள். இவ்வளவும் முடிந்தபின், ஸ்லைடை முன்னால் போகவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, கிளாக் போன்ற துப்பாக்கியானால் டிரிகரின் நடுநாக்கைத் தொடாமல் பக்கவாட்டில் மட்டும் பின்னால் அழுத்துங்கள். அது நகரக்கூடாது. பிறகு முறைப்படி இழுங்கள், ‘டக்’கென்று விடுபட வேண்டும். அடுத்த அசைவுதான் உயிர்நாடி. டிரிகரை இழுத்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்லைடை முழுதாகப் பின்னிழுத்து முன்னால் போகவிடுங்கள். அப்போது ஸ்டிரைக்கர் விழும் சத்தம் வரக்கூடாது. இனி விரலை மெல்லத் தளர்த்துங்கள். பாதி வழியில் சிறு ‘கிளிக்’ ஒன்றை விரல்நுனியே உணரும். மறுபடி இழுத்தால் மறுபடி விடுபட வேண்டும். டிரிகரை விடுவதற்கு முன்பே, ஸ்லைடு மூடும்போதே ஸ்டிரைக்கர் விழுந்த சத்தம் கேட்டால், ஒருமுறை இழுத்ததற்கு ஒரு குண்டு என்ற கட்டுப்பாடு உங்கள் துப்பாக்கியில் இல்லை என்று பொருள். அதை மேசையில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான். கடைசியாக, முனையை மேல்நோக்கிச் சாய்த்து டிரிகரை இழுத்துப் பிடித்தபடி ஸ்லைடை மெதுவாகத் திரும்ப விடுங்கள். தன் எடையையும் மீறி அது முழுதாக மூடினால் ஸ்பிரிங்குக்கு வேண்டிய வலு இருக்கிறது. காலி மேகசினைச் செருகி ஸ்லைடை இழுத்தால் அது திறந்தே நிற்க வேண்டும். 1911 போல வெளிப்புற சேஃப்டி உள்ளவற்றில் ஒவ்வொரு சேஃப்டியையும் தனித்தனியே போட்டு, ஹேமர் விழவில்லை என்று பார்ப்பதும் இதில் சேரும். பழைய பிரௌனிங் ஹைபவர் போன்ற சிலவற்றில் மேகசின் செருகாமல் டிரிகர் வேலையே செய்யாது. அது பழுதென்று பதற வேண்டாம், காலி மேகசினைச் செருகிச் சோதித்தால் போதும். உங்கள் துப்பாக்கியின் கையேடு இந்த வரிசையிலிருந்து எங்காவது மாறினால், கையேட்டையே பின்பற்றுங்கள்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் மிக வலுவானது, டிரிகரை இழுப்பதே ஆபத்து என்பது. துப்பாக்கியைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக் குண்டு பாய்ந்த செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். கிளாக்கைக் கழற்றுவதற்கே டிரிகரை ஒருமுறை இழுத்தாக வேண்டும் என்பது அந்த வடிவமைப்பின் மீது நெடுநாளாக இருக்கும் குறை, நியாயமான குறையும்கூட. சரிபார்க்கும் சாக்கில் இன்னும் நான்கைந்து முறை இழுக்கச் சொன்னால் ஆபத்து கூடாதா? தோட்டா இருக்கும் அறையில் செய்தால் கூடும். ஆகவே அந்த அறையில் தோட்டா இருக்கவே கூடாது. மேகசினிலும் கூடாது, மேசை இழுப்பறையிலும் கூடாது, வேறு அறையில் பூட்டிவிட்டு வரவேண்டும். திசையும் சாதாரண விஷயமில்லை. நம் ஊர்ச் செங்கல் சுவரை நினைத்துக்கொண்டு இங்கே சுவரைக் குறிவைக்காதீர்கள். அமெரிக்க வீட்டின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைதான். 9 மி.மீ. குண்டு அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்கும், அதற்கடுத்த அறைக்கும் போகும். நிலவறையின் கான்கிரீட் சுவர், அது இல்லாத வீட்டில் மணல் நிரப்பிய ஆழமான வாளி என ஒரு திசையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதே என்று தொடங்கும் ஜெஃப் கூப்பரின் நான்கு விதிகளைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். சரிபார்ப்பின்போது அவற்றில் ஒன்றுக்கும் விலக்கு கிடையாது. இந்த ஏற்பாடுகளுக்குப் பின் காலித் துப்பாக்கியின் டிரிகரை இழுப்பதையும், எப்படி மாட்டினோம் என்றே தெரியாத துப்பாக்கியில் பின்னொரு நாள் தோட்டாவைப் போட்டு இழுப்பதையும் எடை போட்டுப் பாருங்கள். முதலாவதில் ஆபத்து நம் கட்டுக்குள் இருக்கிறது.

புதுத் துப்பாக்கிதானே, தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்துத்தானே அனுப்புகிறார்கள் என்பது அடுத்த வாதம். சுட்டுப் பார்ப்பது உண்மை. ஆனால் அவர்கள் சோதித்தது அவர்கள் மாட்டியதை. நீங்கள் கழற்றிய கணத்தில் அந்தச் சான்று காலாவதியாகிவிட்டது, இப்போது மேசையில் இருப்பது நீங்கள் மாட்டிய துப்பாக்கி. தொழிற்சாலையும் தவறாதது என்று சொல்வதற்கில்லை. கழற்றி மாட்டுவதில் படுத்தியெடுத்த பழைய மார்க் வகைகளுக்கு விடையாக, ஒரே பொத்தானில் திறக்கும் மார்க் 4ஐ ரூகர் 2016இல் கொண்டுவந்தது. அருமையான மாற்றம். ஆனால் 2017 ஜூனில் அந்த மார்க் 4 துப்பாக்கிகளை நிறுவனமே திரும்ப அழைத்தது. சேஃப்டி நெம்புகோல் இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கும்போது டிரிகரை இழுத்துவிட்டால், பிறகு நெம்புகோலைச் சுடும் நிலைக்குத் தள்ளும்போது துப்பாக்கி வெடிக்கக்கூடும் என்று கண்டறிந்தார்கள். வீட்டில் செய்யும் வழக்கமான சரிபார்ப்பு இதைப் பிடித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், பெரும்பாலும் பிடித்திருக்காது. புதியது என்பதாலேயே ஒரு துப்பாக்கி நம்பிக்கைக்கு உரியதாகிவிடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். வாங்கியதும் வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் கழற்றாமலே விட்டுவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட எண்ணெயோடு வரும் துப்பாக்கியை, முதல்முறை சுடுவதற்கு முன் துடைக்கும்படி பல நிறுவனங்களின் கையேடுகளே சொல்கின்றன. இடுப்பில் வைத்துச் சுமப்பவரின் துப்பாக்கியில் வியர்வையும் துணிப்பிசிறும் சேரும். ஹூஸ்டன் போன்ற ஈரப்பதமான ஊரில் துருவுக்கு அழைப்பே தேவையில்லை. கழற்றுவது தவிர்க்க முடியாதது. காலியாக இழுத்தால் ஸ்டிரைக்கர் உடைந்துவிடாதா என்ற கவலை பழைய வகைகள் சிலவற்றுக்கும், .22 வகைகள் பலவற்றுக்கும் பொருந்தும். இன்றைய 9 மி.மீ. வகைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. சந்தேகமிருந்தால் சில டாலருக்குக் கிடைக்கும் வெற்றுப் போலித் தோட்டாவைப் போட்டு இழுங்கள். அதற்கு இன்னொரு பயனும் உண்டு: மேகசினில் நான்கைந்தை நிரப்பிக் கையாலேயே ஸ்லைடை இழுத்தால், ஒவ்வொன்றும் ஏறுகிறதா, வெளியே தெறிக்கிறதா என்றும் தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சோதனைக்கு நிஜத் தோட்டாவை வீட்டில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

சுடும் களத்துக்குப் போனால் தானே தெரிந்துவிடும் என்பதுதான் அதிகம் பேர் சொல்வது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது மற்ற வாதங்களைவிட ஆபத்தானது. காலித் துப்பாக்கியில் செய்யும் சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஸ்டிரைக்கரின் அடி போதுமான வலுவுள்ளதா, சுட்ட கூட்டை எக்ஸ்ட்ராக்டர் ஒழுங்காகப் பிடித்து இழுக்கிறதா என்பதை வெடித்துத்தான் அறிய முடியும். ஆகவே களத்துச் சோதனையும் வேண்டும். ஆனால் மேசையில் பிடிக்கக்கூடிய பிழையைக் களத்துக்குத் தள்ளிப்போடுவதன் விலை என்ன? ஒருமுறை இழுத்தால் இரண்டு குண்டு பாயும் கோளாறையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குண்டின் உதைப்பில் துப்பாக்கியின் முனை மேலேறும்போது இரண்டாவது பாய்கிறது. உங்களுக்குப் பின்னும் பக்கத்திலும் ஆட்கள் நிற்கும் இடத்தில், பழக்கமில்லாத கை அதை எங்கே கொண்டுபோகும் என்று யாரும் சொல்ல முடியாது. பேரலுக்குள் அடைத்த துணித்துண்டும் அப்படித்தான், களத்தில் அது தன்னைக் காட்டிக்கொள்ளும் நொடி உங்கள் விரல்களுக்குப் பக்கத்தில் நிகழ்கிறது. தற்காப்புக்கென வாங்கியவர்களில் பலர் துடைத்து மாட்டி, தோட்டா நிரப்பி, நேரே பெட்டகத்தில் வைத்துவிடுகிறார்கள். அடுத்து களத்துக்குப் போவது எப்போதோ! இடைப்பட்ட மாதங்களில் அந்தத் துப்பாக்கியின் மீது அவர்கள் வைத்திருப்பது வெறும் அனுமானம்.

ஆகவே மேசைச் சோதனையில் தேறிய துப்பாக்கியோடு மட்டும் களத்துக்குப் போங்கள். போனதும் மேகசினை நிரப்பிவிடாதீர்கள். முதலில் ஒரே ஒரு ரவுண்டு போட்டு, இரு கைகளாலும் பிடித்துச் சுடுங்கள். கூடு வெளியே தெறித்து, காலி மேகசினின் மேல் ஸ்லைடு திறந்து நிற்க வேண்டும். அடுத்து இரண்டு ரவுண்டு. ஒருமுறை இழுத்ததும் ஒன்றுதான் பாய வேண்டும், விரலைத் தளர்த்தி மீண்டும் இழுத்தபின்தான் மற்றொன்று. இதை இரண்டு மூன்று தடவை செய்து திருப்தியானபின் முழு மேகசின். நடுவில் வெடிச்சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால், குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். உடனே நிறுத்தி, காலி செய்து, பேரலைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். சோதனையில் எந்தப் படியில் தவறினாலும் ஒருமுறை கழற்றிக் கையேட்டைப் பார்த்து மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்போதும் தேறாவிட்டால் அரம் எடுத்து ராவுவது, ஸ்பிரிங்கை வளைப்பது, இணையத்தில் யாரோ சொன்ன பாகத்தை வாங்கி மாற்றுவது எதுவும் வேண்டாம். காலியாக, பெட்டியில் வைத்துப் பூட்டி, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடமோ தயாரித்த நிறுவனத்திடமோ கொடுங்கள். எந்தப் படியில், என்ன சத்தம் கேட்டது அல்லது கேட்கவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பழுது பார்ப்பவருக்கு அந்த இரண்டு வரி பெரிய உதவி.

அன்புடன்,
உங்களில் ஒருவர்